சுவரில் வந்த வரி

செவ்வாய் இரவு

அன்புள்ள கணக்கு டீச்சருக்கு,

வணக்கம். கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இடது கையால் எழுதுகிறேன். வலது கையால் எழுதினால் உங்களுக்கு ஆள் தெரிந்துவிடும். அம்மா தூங்கிவிட்டாள். குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று சுவரில் வந்த அந்த வரியை எழுதியது நான்தான்.

பாடம் முடிந்ததும் நீங்கள் வழக்கம்போல, "இன்னைக்கு எது புரியலையோ அதை எழுதுங்க" என்றீர்கள். டேப்லெட்டில் நாங்கள் எழுதுவது புரொஜெக்டர் வழியாகப் பெயரில்லாமல் வகுப்புச் சுவரில் தெரியும் என்பதால் முதலில் உண்மையாகத்தான் கேட்டேன். பின்னத்தை வகுக்கும்போது இரண்டாவது பின்னத்தை ஏன் தலைகீழாகத் திருப்புகிறோம்? அது சுவரில் வந்ததும் பின்னாலிருந்து ஒருவன், "எந்த மக்குடா இது? அஞ்சாங்கிளாஸ் பூரா தூங்கிட்டு வந்திருக்கு!" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் டீச்சர். சிரிக்காவிட்டால் மாட்டிக்கொள்வேனே. என் கேள்வியைப் பார்த்து நானே சிரித்தேன்.

அது சுவரிலேயே இருந்தது. எப்படியாவது எல்லோரும் அதை மறக்க வேண்டும் என்று அடுத்த வரியைத் தட்டிவிட்டேன். "நீங்க பே-பே-பேசுறதுதான் டீச்சர் புரியல."

நீங்கள் அதைப் படித்துவிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தீர்கள். முதல் எழுத்திலேயே சொல் நின்றுவிட்டது. அதற்கும் சிரித்தார்கள். அப்போது நான் சிரிக்கவில்லை. அதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு அருகதை இல்லை.

இன்று தலைமையாசிரியர் எங்கள் வானொலியைக் கூப்பிட்டு வெளியே நிற்க வைத்துவிட்டார். வாய் ஓயாது பேசுவதால்தானே அவளுக்கு அந்தப் பட்டப்பெயர்! நேற்று அவள் சிரிப்புதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்டதாம். "சத்தியமா நான் இல்ல சார்" என்று அழுதாள். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அம்மாவுக்குத் தெரிந்தால் நான் எப்படி அவள் முகத்தில் விழிப்பேன்? ஏன் இவ்வளவு பயம் என்று எழுதினால் நான் யாரென்று தெரிந்துவிடும்.

இதை டேப்லெட் அலமாரிக்குள் போட்டுவிடுகிறேன். திட்டுவதானால் நூலகத்தில் பெரிய அகராதியின் கடைசிப் பக்கத்தில் வையுங்கள். அதை யாரும் தொடுவதில்லை.

பெயர் எழுதத் துணிவில்லாத
உங்கள் மாணவி


புதன்கிழமை

அன்புள்ள மாணவிக்கு,

கை வலித்திருக்கும். இனிமேல் வலது கையாலேயே எழுது. எழுத்தை வைத்து ஆளைத் தேட மாட்டேன்.

ஒவ்வொரு வரியும் எந்த டேப்லெட்டிலிருந்து வந்தது என்று என் கணினியில் பதிவாகும். முதல் நாளே உங்களிடம் அதைச் சொல்லி, திறந்து பார்க்க மாட்டேன் என்றும் சொன்னேன். தலைமையாசிரியர் நேற்றும் கேட்டார். "ஒரு பட்டனை அமுக்குனா முடிஞ்சுது, இதுக்குப் போய் ஏம்மா பிடிவாதம்?" என்றார். இன்று ஒரு தடவை பார்த்துவிட்டால், நாளை எந்தப் பிள்ளை 'புரியவில்லை' என்று எழுதும்? வெள்ளிக்கிழமைக்குள் பெயர் வராவிட்டால் டேப்லெட்டுகளை எடுத்துக்கொள்வாராம். எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் வானொலிக்குப் பத்து நாள் பள்ளிக்கு வரத் தடை என்கிறார். அவளில்லை என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "அப்படின்னா யாரு?" என்கிறார்.

உன் வரி எனக்கு வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கும் வெட்கம்தான். நீங்கள் எழுதுவதை நான் முதலில் படித்துவிட்டு, பிறகுதான் சுவருக்கு அனுப்பியிருக்க வேண்டும். அந்த வசதி அதிலேயே இருக்கிறது. எல்லாம் சுடச்சுட வர வேண்டும் என்று ஆசைப்பட்டு அதை அணைத்து வைத்தேன். உன் கேள்வியைக் கொண்டுபோய்ச் சிரிப்புக்கு நடுவில் நிறுத்தியது நான்தான்.

அது மக்குக் கேள்வி இல்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

உன் பெயரை நான் யாரிடமும் கேட்க மாட்டேன். அதை நீதான் சொல்ல முடியும்.

அன்புடன்,
உன் டீச்சர்


வெள்ளி இரவு

அன்புள்ள டீச்சருக்கு,

இது என் வலது கை.

நேற்று முழுக்கத் துணிவு வரவில்லை. தலைவலி என்று பொய் சொல்லி வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். வானொலி மூன்றாவது நாளாக வெளியே நின்றிருப்பாள். அதையும் மன்னிக்க வேண்டாம்.

இன்று கடைசி மணிக்குப் பிறகு அலுவலகத்துக்குப் போனேன். தலைமையாசிரியர் சொல்லச் சொல்ல, வானொலி வீட்டுக்கு அனுப்பும் கடிதம் தட்டச்சாகிக்கொண்டிருந்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்தது என் அம்மா. இப்போது புரிந்திருக்கும், நான் யாரென்று.

"என்னடி, வீட்டுச் சாவி வேணுமா?" என்றாள் அம்மா.

"அதை எழுதினது அவ இல்ல சார். நான்" என்றேன்.

அம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன. தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "வேணும்னா நான் வேற யாரையாவது விட்டு..." என்று இழுத்தார்.

"வேண்டாம் சார். நானே அடிச்சிடுறேன்" என்றாள்.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. வானொலியின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அந்த இடத்தில், அவளே எனக்கு வைத்த பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். 'பெற்றோர்' என்ற இடத்தில் தன் பெயரையும் அடித்தாள். அச்சானதும் அதை மடித்துத் தன் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

இரவு தட்டை வைத்துவிட்டு, "சாப்பிடு" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

பள்ளியிலிருந்து கிளம்பும் முன்பே வானொலியிடமும் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டு போய்விட்டாள். அவளை இவ்வளவு அமைதியாக நான் பார்த்ததே இல்லை.

எனக்குத்தான் இப்போது பத்து நாள் தடை. டேப்லெட்டுகள் உங்களிடமே இருக்கும் என்று தலைமையாசிரியர் சொன்னார். நான் திரும்பி வரும்போது என் டேப்லெட்டை வேறு யாருக்காவது கொடுத்திருந்தாலும் பரவாயில்லை. அந்தக் கேள்வியைக் கை தூக்கி எழுந்து நின்று கேட்கிறேன். யார் சிரித்தாலும் உட்கார மாட்டேன்.

நீங்கள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் நின்றுகொண்டே இருப்பேன் டீச்சர்.

இப்படிக்கு,
பதினேழாம் எண் டேப்லெட்டில் எழுதியவள்