அண்ணி என்றால் யார்

சித்தூர்

அன்புள்ள பரணிக்கு,

இந்த நடுராத்திரியில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள், பகலில் இந்த வீட்டில் ஒரு வரி எழுத விடமாட்டார்கள், யாருக்கு, என்ன எழுதுகிறாய் என்று ஆளாளுக்கு எட்டிப் பார்ப்பார்கள். போனில் பேசலாம் என்றால் ஸ்பீக்கரைப் போட்டுச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள், நீயும் எல்லோருக்கும் பொதுவாக நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, அந்தச் சிகாகோக் காற்றில் நெஞ்சில் சளி கட்டாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன், ஊதிப் பிழைக்கிறவனுக்கு நெஞ்சுதானே முதல். மாங்கூழ் பேக்டரியில் சீசன் முடிந்துவிட்டது, உங்க நைனா இப்போதுதான் ராத்திரியில் வீட்டில் தூங்குகிறார்.

உன் கச்சேரி சிடி போன வாரம் கூரியரில் வந்தது. உன் சித்தப்பா கோவர்த்தனன் அன்றைக்கு வேலைக்கே போகவில்லை, ஹாலில் பெரிய ஸ்பீக்கரை வைத்து, உன் அத்தை ரத்னம்மாவை நடுவில் உட்கார வைத்துப் போட்டான். முதலில் நீ ஒற்றையாகச் சாக்ஸபோனில் கல்யாணியை இழுத்துக்கொண்டு போகிறாய், அசல் நாதஸ்வரம்தான், அப்புறம் அந்தப் பெரிய பேஸும் பியானோவும் வந்து சேர்ந்ததில் கல்யாணி எங்கே நின்றது, ஜாஸ் எங்கே ஆரம்பித்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்ததில் கியூபாக்காரர்கள் மேளத்துக்குள் நம் கங்கம்மா ஜாத்திரைப் பம்பை அடியைக் கொண்டுபோய் நுழைத்திருக்கிறாய், சித்தப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடியே விட்டான். நடுவில் கிளாஸ் சத்தம் கேட்கிறது, யாரோ இருமுகிறார்கள். மேல் ஸ்தாயிக்குப் போகுமுன் நீ மூச்சு இழுப்பதும் கேட்கிறது, அந்த இடத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

அதற்கப்புறம்தான் வந்தது, நீ அம்மா என்று பேர் வைத்த அந்த நீளமான பாட்டு. ரத்னம்மா பேக்டரியில் மாம்பழம் பொறுக்கும்போது மற்றப் பெண்களோடு முனகுகிற தெலுங்குப் பாட்டு, கேட்டவுடனே தெரிந்துவிட்டது. எவ்வளவு பொறுமையாக வாசித்திருக்கிறாய். ரத்னம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பாட்ட அங்க போயிக் கூட மறக்காம வச்சிக்கீறான் பாரு என் புள்ள" என்றாள். என் புள்ள என்றாள். நான் காபி போட எழுந்து போய்விட்டேன்.

போனவள் அங்கேயே இருந்திருக்கலாம். அடுத்த பாட்டு அண்ணி. முதலில் பஸ் ஹாரன் மாதிரி ரெண்டு சுரம், அப்புறம் குதித்துக் குதித்து ஓடுகிறது, ஆரம்பிக்கிறதுக்குள் முடிந்தும் போகிறது. ரத்னம்மாவுக்கு அவ்வளவு பெரிய பாட்டு, எனக்கு ஒரு ஹாரன். பதினெட்டு வயதில் உன்னைப் பெற்றேன், திருப்பதிக்குப் படிக்கத்தான் போனேன், ஓடிப் போகவில்லை, சனிக்கிழமை தவறாமல், ஹாரன் அடித்துக் கூட்டிப்போன அதே பஸ்ஸில் திரும்பியும் வந்தேன். கல்யாண மண்டப வாசலில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, கால் கடுக்க நின்று, உனக்கு முதல் முதலாக சாக்ஸபோனைக் காட்டியவள் யார்? அதெல்லாம் சிடியில் இல்லை. "நீ போய்ப் படி, புள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்று அன்றைக்கு என்னை பஸ் ஏற்றி விட்டதே உன் அத்தைதான், அவள் மேல் கோபப்படவும் வழியில்லாமல் இருக்கிறேன். அவள் பிள்ளைகள் அவளை அம்மா என்றார்கள், நீயும் அம்மா என்றாய். அப்போது அரை டிராயர் பையனாக இருந்த சித்தப்பா என்னை அண்ணி என்றான், நீயும் அண்ணி என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பெரியவனானால் மாறிவிடும் என்று நினைத்தேன்.

சிடியில் ஒரு பெண் சத்தமாகக் கேட்கிறாள், அண்ணி என்றால் யார் என்று. மிருதங்கம் வாசிக்கிற அந்தச் சென்னைப் பையன் இங்கிலீஷில் சொல்கிறான், அண்ணன் பெண்டாட்டி என்று. கூட்டம் சிரிக்கிறது. நீயும் சிரித்தாய், பரணி, உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டாய். சித்தப்பா தரையில் உருண்டு சிரித்தான், "அண்ணனே இல்லாத பையனுக்கு அண்ணி எங்கருந்து வந்தா? அப்ப எங்க அண்ணன் இவனுக்கு இன்னா ஆவணும்?" என்றான். உங்க நைனாவும் சேர்ந்து சிரித்தார்.

அதோடு போனாலும் பரவாயில்லை. ஜனவரியில் திருப்பதிக் கச்சேரியில் அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போடப்போகிறேன் என்று நேற்று போனில் சொன்னாய். நீ வைத்த உடனே ரத்னம்மா சித்தப்பாவிடம், "எனக்கு இன்னாத்துக்குடா மேடையெல்லாம், கூச்சமா கீது" என்றாள், கூச்சப்பட்டுக்கொண்டே பீரோவைத் திறந்து அரக்குப் பட்டுச் சேலையை எடுத்துக் காயப் போட்டாள். ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை.

அதனால் கேட்கிறேன். அவளைக் கூப்பிடு, அவளுக்கு அது சேரவேண்டியதுதான். ஆனால் அவளுக்கு முன்னால் என்னைக் கூப்பிடு. அம்மா என்று கூப்பிட வேண்டாம், பழக்கமில்லாத வார்த்தையை அத்தனை பேர் நடுவில் எனக்காக வரவழைக்காதே. அண்ணி என்றே கூப்பிடு. அது சிகாகோ இல்லை, திருப்பதி, அண்ணி என்றால் தெலுங்கில் வதின என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியும், யார் இவள், இவனுக்கு ஏது அண்ணன் என்று முணுமுணுப்பார்கள். அங்கே நீ சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போக முடியாது, அண்ணி என்றால் யார் என்று மைக்கில் உன் வாயாலேயே சொல்லித்தான் ஆகவேண்டும். தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம்.

வாசித்து முடித்த சூட்டோடு குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. கங்கம்மா உன் மூச்சைக் காப்பாற்றட்டும், போகிற ஊரெல்லாம் உன் பேர் நிற்கட்டும். போனில் சொல்லாதே, என் பேருக்குக் கடிதமாக எழுது, சீக்கிரம் எழுது.

உன்னைப் பெற்ற அண்ணி,
கல்பனா