தொடையில் விழுந்த தாளம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

ஞாயிறு மாலை ஒன்று நடந்தது. பயப்பட ஒன்றுமில்லை. என் அறைத் தோழன் நெட்டையன் ஒரு ஃப்யூஷன் கச்சேரிக்கு இழுத்துப் போனான். முதல் வரிசை. மேடையில் வயலின், மிருதங்கம், கிடார், டிரம்ஸ். ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் தனியாக வாசித்துக்கொண்டே போன டிரம்ஸ்காரர், மற்றவர்களோடு திரும்பி வந்து சேரும் இடத்தைத் தவறவிட்டார். மிருதங்கக்காரர் தாடையை அசைத்து அவருக்கு என்னைக் காட்டினார். டிரம்ஸ்காரரும் என்னையே பார்த்து வாசிக்க ஆரம்பித்தார்.

குனிந்து பார்த்தேன். என் வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. நிறுத்தவும் பயமாக இருந்தது. அவர் சரியான இடத்தில் வந்து சேர்ந்தபோது அரங்கமே கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

முடிந்ததும் மிருதங்கக்காரர் இறங்கி வந்தார்.

"யாருகிட்ட கத்துக்கிட்டீங்க, தம்பி?"

"நான் கத்துக்கலைங்க."

"உங்க கை வேற மாதிரி சொல்லுதே."

"ரெண்டு வருஷமா ஒரே ரூம்ல இருக்கோம், ஒரு வார்த்தை சொன்னியாடா?" என்றான் நெட்டையன்.

சுட்டுப் போட்டாலும் உனக்குத் தாளம் வராது என்றீர்கள். பன்னிரண்டு வயதில் உங்கள் மிருதங்க வகுப்பிலிருந்து எழுந்து போனேன். இருவருமே அதை நம்பினோம். மூன்று நாளாக அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முழுக்கை பனியன் இரண்டு அனுப்புங்கள். உங்கள் காலை வகுப்பை அம்மாவிடம் சொல்லி ஃபோனில் பதிவு செய்து அனுப்புங்கள். பிள்ளைகளைத் திட்டும் இடங்களை வெட்ட வேண்டாம்.

பஸ் ஸ்டாப்பில் நின்று எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகன்