பூஜையில் ஓட்டிக் காட்டிய இயந்திரம்

நவம்பர் 12, புதன்

முருகேசனுக்காக நான் போட்ட காப்புரிமை விண்ணப்பத்துக்கு இன்று எதிர்ப்பு மனு வந்துவிட்டது. எழுதியவன் சதீஷ். என்னோடு காப்புரிமை ஏஜென்ட் பரீட்சை எழுதி, இரண்டாம் முறைதான் தேறியவன். இன்று அவனுக்குப் பெரிய கம்பெனிகள், எனக்குத் தாராவிப் பட்டறைகள்.

ஆதாரம் ஒரே ஒரு புகைப்படம். ஈராண்டுக்கு முந்தைய ஆயுத பூஜையில், முருகேசன் தன் தோல் மடிக்கும் இயந்திரத்துக்குச் சந்தனம் பூசி, தெருவையே கூப்பிட்டு ஓட்டிக் காட்டுகிறான். விண்ணப்பம் போட்டது அதற்கு மறுவாரம். முன்பே ஊர் பார்த்தது புதியதல்ல என்கிறது சட்டம். அரசு அறிவித்த கண்காட்சியில் காட்டினால் மன்னிப்பு உண்டு. பட்டறைக்காரன் பூஜை போட்டுக் காட்டுவான் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் முருகேசன் போனில் கத்தினான். “சாமிக்குத்தான சார் காட்டுனேன், யாவாரத்துக்கா? நீங்களும்தான வந்து பொரி தின்னிய, அப்பவே ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?”

அன்று விண்ணப்பம் என் பையில் தயாராக இருந்தது. பூஜை முடிந்ததும் தாக்கல் செய்வோம் என்றான். தலையாட்டினேன்.

படத்தின் ஓரத்தில் குனிந்து இயந்திரத்தைப் பார்ப்பவன் நான்தான். மனுவில் என் பெயர் இல்லை. சதீஷுக்கு என் வழுக்கை நன்றாகத் தெரியும். ‘இது நீதானே’ என்று விசாரணை அதிகாரி முன்னால் கேட்பதற்காக வைத்திருக்கிறான்.