கறித்துண்டைத் தாண்டிப் போன பெட்சி

மாரிகுப்பம்,
3 அக்டோபர் 1898

என் பிரிய லூயிசாவுக்கு ஏனோக் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். ஊட்டிக் குளிரில் உன் இருமல் எப்படி? நீ துரைசானியம்மாவின் குழந்தைக்கு ஆயாவாகப் போய் ஏழு மாதம் ஆகிறது. என் சமையலை என்னாலேயே தின்ன முடியவில்லை.

துரைசானியம்மா இங்கே விட்டுப்போன நாய் பெட்சியை வேட்டை நாயாக்கும்படி துரை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். மடியில் பிஸ்கோத்து தின்று வளர்ந்த ஜீவன்! சுரங்கத்துப் புதுச் சாப்ட்டில் வெடி வைத்தால் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கும். வெடி நேரம் பார்த்து அங்கேயே கூட்டிப்போய்ச் சோறு வைத்தேன். இப்போது வெடிச் சத்தம் கேட்டால் வாலை ஆட்டுகிறது. சீட்டி ஊதினால் ஓடிப்போய்க் கோழிமுட்டையைக் கவ்வி உடையாமல் கொண்டுவருகிறது. "இரு" என்று கையைக் காட்டி, எதிரே கறித்துண்டைப் போடுவேன். நான் கையால் எடுத்துக் கொடுக்கிறவரை தொடாது. என் முகத்தையே பார்த்திருக்கும். பிறகு தலையைத் தடவி, கறியைக் கொடுப்பேன். பட்லர் மரியகுழந்தை, "இன்னாப்பா ஏனோக்கு, என் பசங்களுக்கும் இத்த கத்துக் குடேன்" என்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உன் ஏனோக்

ஊட்டி,
12 அக்டோபர் 1898

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு லூயிசாவின் தோத்திரம். இருமல் தேவலை. நாய்க்கு ஒரு பக்கமும் எனக்கு ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும்.

அம்மா டிசம்பரில் பம்பாயில் கப்பலேறிச் சீமைக்குப் போகிறார்கள். குழந்தையைப் பார்க்க என்னையும் கூப்பிடுகிறார்கள். இரண்டு வருஷமாம். அழுதேன். "உன் புருஷன் வந்து கூட்டிப்போனால் விடுகிறேன். சின்னப் பெண்ணைத் தனியாக ரயிலில் அனுப்பமாட்டேன்" என்றார்கள்.

அம்மா பெட்சியையும் கேட்டுத் துரைக்கு எழுதினார்கள். நவம்பர் 19 அன்று பேத்தமங்கலம் ஏரியில் துரைமார் வேட்டை இருக்கிறதாம். அன்று பெட்சி சொன்னபடி நடந்தால் துரை தரமாட்டாராம். நடக்காவிட்டால் உங்கள் கையில் கொடுத்து இங்கே அனுப்புவாராம். அப்படி வந்தால் என்னையும் கூட்டிப்போகலாம். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், கற்றுக்கொடுத்ததை எல்லாம் கெடுத்துவிடுங்கள்.

உங்கள் லூயிசா

மாரிகுப்பம்,
30 அக்டோபர் 1898

என் லூயிசா,

உன் கடிதம் பார்த்ததும் துரையிடம் லீவு கேட்டேன். "நாய் வேலை முடியட்டும்" என்றார். சொல்லாமல் புறப்பட்டால் வேலையோடு கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும். நீ வந்து எங்கே நிற்பாய்?

நீ சொன்னபடி கெடுத்துப் பார்க்கிறேன். "இரு" என்று கையைக் காட்டிவிட்டு நானே ஓடுகிறேன். அது உட்கார்ந்தபடி பார்க்கிறது. முட்டையை உடைத்தால் தட்டிக்கொடுக்கலாம் என்றிருந்தேன். பத்து நாளாக ஒன்றுகூட உடைக்கவில்லை. அடித்துத் துரத்தலாம் என்று நேற்று குச்சியை ஓங்கினேன். குச்சியைக் கொண்டுவரச் சொல்கிறேன் என்று நினைத்து வாயைத் திறந்துகொண்டு வந்தது. மரியகுழந்தை பார்த்துவிட்டு, "பைத்தியம் நாய்க்கா, உனுக்கா?" என்று கேட்டார்.

ஒன்று செய்யலாம். வேட்டையன்று அதைப் பட்டினி போட்டு, எதிரே பெரிய கறித்துண்டாகப் போடுகிறேன். பசியில் பாயாமலா இருக்கும்?

உன் ஏனோக்

ஊட்டி,
8 நவம்பர் 1898

அன்புள்ளவருக்கு,

பெட்டிகளைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். டிசம்பர் 2 புறப்பாடு. கறித்துண்டு பெரியதாகவே இருக்கட்டும். தினமும் ஜெபத்தில் ஒரு நாய் தப்பு செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். கர்த்தர் சிரிப்பாரோ என்னவோ.

லூயிசா

மாரிகுப்பம்,
20 நவம்பர் 1898

லூயிசா,

எப்படி எழுதுவேன். நேற்று சீட்டியைத் துரையே வாங்கி வைத்துக்கொண்டார். பெட்சியை ஏரிக்கரையில் உட்காரவைத்தேன். முந்தின நாளிலிருந்து பட்டினி. யாரும் பார்க்காமல் கறியை அதன் மூக்குக்கு எதிரே போட்டேன். அதற்கு இது பழகின பாடம் அல்லவா? எச்சில் ஒழுக ஒழுக என் முகத்தையே பார்த்தது. துப்பாக்கி வெடித்தது, கௌதாரி விழுந்தது. மற்ற துரைமாரின் நாய்கள் கலைந்து ஓடின. துரை ஊதினார். பெட்சி கறியைத் தாண்டிப் போய், ஒரு பல் படாமல் பறவையைக் கொண்டுவந்தது.

துரைமார் கை தட்டினார்கள். பொய் சொல்லமாட்டேன், ஒரு நொடி எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பெட்சியின் தலையைத் தடவினேன். அப்புறம்தான் நீ ஞாபகம் வந்தாய்.

இன்னும் மூன்று நாய்களை என்னிடம் விடுகிறார்களாம். கோடைவரை லீவு கிடையாது. நீயே அம்மா காலில் விழுந்து கேட்டுப்பார். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஏனோக்

ஊட்டி,
1 டிசம்பர் 1898

அன்புள்ளவருக்கு,

விழுந்தேன். அம்மா தூக்கிவிட்டு, "உன் புருஷன் கெட்டிக்காரன், துரை எழுதியிருக்கிறார்" என்று எனக்கு ஒரு கம்பளிச் சட்டை கொடுத்தார்கள். விடியற்காலையில் வண்டி.

உங்களைக் குறை சொல்லவில்லை. அந்த ஒரு நொடியை மட்டும் எழுதாமல் இருந்திருக்கலாம்.

பெட்சியைத் திட்டாதீர்கள். முந்தின நாளிலிருந்து பட்டினி என்று எழுதினீர்கள், தலையைத் தடவினேன் என்று எழுதினீர்கள். அந்தக் கறியைக் கொடுத்தீர்களா? எழுதவில்லையே.

இந்த விலாசத்துக்குப் பதில் போடவேண்டாம். நாளைமுதல் இங்கே யாரும் இல்லை.

லூயிசா