பதினெட்டாம் தேதி வரை

ஜூன் 3

எங்கள் இணையக் குழுவில் இன்றோடு நாற்பத்தோராயிரம் பேர். எல்லாரும் தேர்வு, மறுமதிப்பீடு, சான்றிதழ் என்று அல்லாடும் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களைக் கட்டி மேய்க்கச் சம்பளமில்லாத பதினோரு பேர். அதில் நான் ஒருவன். தேவையில்லாத பதிவை அழிப்பது, அடங்காதவர் வாயை அடைப்பது, அறிவிப்பு எழுதி எல்லார் கண்ணிலும் படும்படி மேலே பின் செய்வது. இதுதான் வேலை.

பகலில் லிஃப்ட் கம்பெனியில் புகார் எடுக்கிறேன். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் என்னைத் திட்டுகிறார்கள், நான்தான் கயிற்றைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிற மாதிரி. சாயங்காலம் குழுவைத் திறந்தால் "அண்ணா", "சார்" என்று கெஞ்சுகிறார்கள். பிடித்திருக்கிறது. யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதிக்கொள்கிறேன்.

மனைவி: "ஊருக்கெல்லாம் பக்கம் பக்கமா பதில் சொல்றீங்க. நான் கூப்பிட்டா மட்டும் ஒரு 'ம்'தானா?"

"ம்" என்றேன்.

ஜூன் 5

கொழுந்தியாளுக்கு ஒரே ஒரு பாடத்தில் மூன்று மார்க் குறைகிறது. கடைசி வருடம். எங்களோடு தங்கித்தான் படித்தாள். வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. ஜூலை கடைசிக்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். மறுமதிப்பீட்டுக்குப் போட்டால் மார்க் ஏறும் என்கிறாள். ஏறும். நன்றாகப் படிக்கிற பெண்.

அதற்கான அறிவிப்பை இன்று நானே போட்டேன். எங்கள் வழக்கம், போன வருடத்து அறிவிப்பை நகலெடுத்துத் தேதிகளை மட்டும் மாற்றுவது. கால் மணி நேர வேலை.

"மாமா, கடைசி நாள் என்னைக்கு?"

"மேலயே பின் பண்ணியிருக்கேன் பாரு. பதினெட்டு."

"அப்போ எங்க காலேஜ் மேடம் ஊர்லேருந்து வரட்டும். விடைத்தாள் நகலைக் காட்டிட்டுப் போடறேன். பதினஞ்சு வந்துடுவாங்க."

"காட்டிட்டே போடு. என்ன அவசரம்?"

ஜூன் 9

'அரைத்தூக்கம்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு ஜீவன் எழுதுகிறது: "பின் பண்ணின தேதி தப்பு. பதினாலுதான் கடைசி. மாத்துங்க." ஆதாரம் கிடையாது, மரியாதையும் கிடையாது. ஆனாலும் நான் நியாயஸ்தன். சரிபார்த்தேன். பதினெட்டு என்றுதான் இருக்கிறது. பதிவை அழித்துவிட்டு, "வதந்தி பரப்ப வேண்டாம்" என்ற தயார் பதிலைத் தட்டிவிட்டேன்.

ஜூன் 10

மறுபடியும் அரைத்தூக்கம். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. "சர்க்குலரைத் திறந்து பாருங்க ப்ளீஸ்" என்று. என் அறிவிப்பிலேயே கை வைக்கிறானே! மூன்று தடவை ஆனால் ஏழு நாள் வாயடைப்பு என்பது விதி. அடைத்தேன்.

லிஃப்டில் மாட்டிய ஒரு ஆள் இன்று என் பரம்பரையையே இழுத்தார். அவர் வாயை அடைக்கத்தான் பொத்தான் இல்லை.

ஜூன் 12

பார்க்க வேண்டிய பதிவு ஒன்றுகூட பாக்கி இல்லை. "நீங்கதான் நம்ம தூண்" என்று பெரிய அட்மின் பாராட்டினார். பெரியவருக்கு வயது இருபத்திரண்டு.

ஜூன் 15

மேடம் தாளைப் பார்த்துவிட்டு ஆறு மார்க்காவது ஏறும் என்றாராம். துள்ளிக்கொண்டு வந்தாள். விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தாள்.

"மாமா, மூடிடுச்சுன்னு வருது."

சிரித்தேன். சர்வர் படுத்திருக்கும் என்றேன். அப்புறம் எங்கள் கோப்பில் கிடந்த சர்க்குலரைத் திறந்தேன். முதல்தடவையாக.

பதினாலு.

போன வருஷம்தான் பதினெட்டு. எல்லா வரியையும் மாத்தியிருக்கேன், இந்த ஒரு வரியை விட்டுட்டேன். ஒன்பதாம் தேதி "சரிபார்த்தேன்"னு எழுதி வச்சிருக்கேனே — எதைப் பாத்தேன்? நான் போட்ட அறிவிப்பைத்தான். நான் போட்டது சரியான்னு நான் போட்டதுகிட்டயே கேட்டிருக்கேன். தூ. இதுல நியாயஸ்தனாம்.

அவள் அழவில்லை. அதே பக்கத்தை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

ஜூன் 16

குழுவில் இருநூறு பேருக்கு மேல் கத்துகிறார்கள். பெரிய அட்மின் கூப்பிட்டார். "தப்புன்னு ஒத்துக்கிட்டா குரூப்பே காலி. கடைசி நேரத்துல யுனிவர்சிட்டியில தேதியை மாத்திட்டாங்கன்னு போடுங்க. சர்க்குலரை சைட்லேருந்து எடுத்துட்டாங்க, யார் பாக்கப் போறா?"

போட்டேன். நன்றாகவே எழுதினேன். "மாணவர் நலனில் அக்கறையற்ற இப்போக்கு வருந்தத்தக்கது." ஆயிரத்துச் சொச்சம் பேர் அதற்குக் கோப முகம் போட்டிருக்கிறார்கள். கொழுந்தியாளும்.

ஜூன் 17

அரைத்தூக்கத்தின் ஏழு நாள் இன்று முடிகிறது. முடியுமுன் நிரந்தரமாக நீக்கிவிட்டேன். காரணம் என்ற கட்டத்தில் "தொடர் தொந்தரவு".

ஜூன் 19

மனு எழுதியிருக்கிறாள். "கடைசி நேரத்துல இப்படி மாத்தினா அநியாயம் இல்லையா மாமா? யுனிவர்சிட்டி ஆபீஸுக்கே போய்க் கேக்கப் போறேன். நீங்க போட்டதையும் பிரிண்ட் எடுத்துக் குடுங்க."

"அவங்ககிட்ட பேசி என்னம்மா ஆகப் போகுது" என்றேன். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 20

நாலு மணிக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். கவுன்ட்டரில் இருந்தவர் ஃபைலைப் பிரித்து, மே 28 தேதி போட்ட சர்க்குலரை மேசையில் எறிந்தாராம். "படிச்ச பொண்ணுதானே? எவனோ போட்டதைத் தூக்கிட்டு வந்து எங்க மேல பழி போடறியா?" வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்ததாம்.

தேதி என் தவறு என்றேன். தேதியை மாற்றிவிட்டார்கள் என்று பதினாறாம் தேதி போட்டது பெரிய அட்மின் சொல்லிப் போட்டது என்றேன். பாதி உண்மையை எடுத்துவைத்துவிட்டு, இது போதும் என்று நினைத்தேன்.

அவள் முடிக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண் தேடி வந்து பேசினாளாம். அரைத்தூக்கம். அவள் எப்போதோ விண்ணப்பித்துவிட்டாள். வேறு ஏதோ சான்றிதழ் வாங்க வந்திருக்கிறாள். "எனக்கொண்ணும் இல்லக்கா. மத்தவங்க ஏமாறக் கூடாதேன்னுதான் மூணு தடவை சொன்னேன். ஆளையே தூக்கிட்டாங்க."

"யாரு மாமா அவளைத் தூக்கினது?"

"நிறைய பேர் இருக்கோம்மா. விசாரிக்கறேன்."

மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வருடம் என்னோடு குப்பை கொட்டியவள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஜூன் 23

மனைவி: "நீங்களா சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நானே சொல்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை.

ஜூன் 29

ஞாயிறு. சொல்லவில்லை.

ஜூலை 4

கொழுந்தியாளுக்குக் கிடைத்திருந்த வேலை போய்விட்டது. சான்றிதழ் வராது என்று அந்தக் கம்பெனிக்கு அவளே எழுதிப் போட்டாள். "வாழ்த்துகள், அடுத்த முறை பார்க்கலாம்" என்று பதில்.

மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அவள்தான் ஆறுதல் சொன்னாள். "விடுங்க மாமா. தேதியை மாத்த மறந்துட்டீங்க, மனுஷனுக்கு வராததா? சொல்லச் சொல்லக் கேக்காம அந்தப் பொண்ணு வாயை அடைச்சான் பாருங்க, அவனைத்தான் என்னால மன்னிக்கவே முடியல."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஏண்டா சொல்லல? அவ "விடுங்க மாமா"ன்னு சொன்னது நல்லா இருந்துச்சு. அதான். வேற ஒண்ணும் இல்ல.

ஜூலை 11

குழுவில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. "அடுத்த பரிட்சை வரைக்கும் வீட்லதானே இருக்கப் போறேன். தேதியெல்லாம் இனிமே நான் பாக்கறேன். எவளுக்கும் இப்படி ஆகக் கூடாது." ஆள் பற்றாமல் தவித்த பெரிய அட்மின் இன்று காலையே அனுமதி கொடுத்துவிட்டார்.

பதிவுகளை எப்படி அழிப்பது என்று அவள் கேட்கவில்லை. முதல் கேள்வியே, "மாமா, இதுவரைக்கும் யார் யார் எதை அழிச்சாங்கன்னு எங்க பாக்கறது?"

எங்களுக்குள் ஒரு பதிவேடு உண்டு. அழித்தவர், நீக்கியவர் பெயர், நாள், நேரம், காரணம்; புதியது மேலே, பழையது கீழே. யாராலும் திருத்த முடியாது. தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி காய்கறிக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

திரையின் மேல் மூலையில் இருக்கும் மூன்று கோடுகளைக் காட்டினேன். "அதை அழுத்தும்மா."

இதை உள்ளறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் கூடத்தில் பதிவேட்டைப் படித்துக்கொண்டிருக்கிறாள். சற்றுமுன் "ஜூன் இருபத்தெட்டு" என்று தனக்குத்தானே படித்தாள். கீழே தள்ளிக்கொண்டு வருகிறாள்.