பல்கேரியப் படமும் பதினான்கு சீட்டுகளும்

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழையும் பனியும் கலந்து. பஸ் தரிப்பில் நின்றே சப்பாத்து ஊறிவிட்டது. வேலையில் காலுறை மாற்றினேன்.

செய்தவை: அறுபத்திரண்டு கதிரையும் துடைப்பு. கோப்பி இயந்திரம் பழுது, யோர்னிடம் மறுபடி சொன்னது. யோர்ன்தான் எங்கள் தியேட்டரின் பொறுப்பாளர், தலையாட்டுவதில் கெட்டிக்காரர். பென்சில் சீவியது. கருத்துச் சீட்டு வெட்டியது, ஒரு தாளில் நாலு. மேலே நோர்வே மொழியான நோர்ஸ்க்கில் ஒரே வரி: படத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? சீட்டுப் போட ஒரு சப்பாத்துப் பெட்டி, வெள்ளைத் தாள் சுற்றி மேலே கீறல் வைத்தேன்.

இன்றிலிருந்து மூன்று நாள் ஒரு பல்கேரியப் படம் ஓடுகிறது. எடுத்தவள் ராலிட்சா என்றொரு பெண், முப்பது வயது மதிக்கலாம். படத்தையும் உடுப்புப் பெட்டியையும் தானே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். படுக்கை யோர்ன் வீட்டுச் சோபாவில். கதாநாயகி அவளுடைய சொந்த மாமியாம். பதினொரு நாளில் எடுத்து முடித்ததாம். ஒலி சில இடங்களில் கிணற்றுக்குள் கதைப்பது போல.

கதை சின்னது. ஒருத்தியின் புருஷன் வேலைக்கென்று வெளிநாடு போகிறான். பிறகு சத்தமில்லை. அவர்களின் ஊரில் யாரும் செத்தால் படத்தோடு ஒரு தாள் அச்சடித்துக் கதவிலும் மரத்திலும் பஸ் தரிப்பிலும் ஒட்டுவார்கள். இவள் ஒட்டமாட்டேன் என்கிறாள். புருஷனின் தம்பி ஒரு நாள் அவளைக் கேட்காமல் ஊர் முழுக்க ஒட்டிவிடுகிறான். அவள் கத்தியோடு போய் ஒவ்வொன்றாகச் சுரண்டுகிறாள். அவ்வளவுதான் படம்.

இன்று பத்தொன்பது பேர், எல்லாரும் நோர்வேக்காரர். தம்பி பசை வாளியோடு நின்று, "எனக்கும் அவன் அண்ணன். எனக்கும் அழ ஒரு இடம் வேண்டும்" என்று தனக்குள் சொல்கிறான். அந்நேரம் தாள் ஒரு மூலையால் கழன்று அவன் முகத்தில் ஒட்டுகிறது. சனம் சிரித்தது. கடைசி வரிசையில் ராலிட்சா தலையைக் குனிந்தாள்.

சீட்டுகளில்:
மெதுவு, மிக மெதுவு.
நாய் நன்றாக நடித்தது.
அந்தப் பெண்ணுக்கு யாராவது உளவியல் உதவி ஒழுங்கு செய்திருக்கவேண்டும்.
சுரண்டும் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது.
கண்ட இடத்தில் ஒட்ட அங்கே அனுமதி உண்டா?

எங்கள் ஊரிலும் மதிலெல்லாம் கண்ணீர் அஞ்சலி ஒட்டுவோம். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தத் தம்பி யார் என்றும் தெரியும். நான்தான், தங்கச்சியாக இருந்தாலும்.

எழுதியே விடுகிறேன். யுத்தம் முடிந்த நாளில் என் அண்ணா அருளை இராணுவம் ஒரு பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறக்கியதைக் கண்டவர் இல்லை. பதினாறு வருஷம். போன நவம்பர், ஆத்துமாக்களின் மாதம், கோவிலில் வழமைபோல இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டோம். நான் அண்ணாவின் பெயரையும் எழுதினேன். அண்ணாவின் மனைவி, என் மச்சாள், முன்வாங்கில் இருந்தார். அவரிடம் கேட்கவில்லை. ஃபாதர் பெயரை வாசித்ததும் மச்சாள் எழும்பினார். கோட்டுப் போடாமலே வெளியே போய்விட்டார்.

ஒரே கட்டடம்தான் எங்களுக்கு, பியோர்ண்டாலில். அவர் மூன்றாம் மாடி, நான் முதலாம் மாடி. ஒரு வருஷமாக வாசலில் கண்டால் "பனி விழுது", "ஓம்". அதற்கு மேல் இல்லை. என் சட்டி அவரிடம் இருந்தால் என் கதவுப்பிடியில் பையோடு தொங்கும்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. குளிர் ஏறிவிட்டது.

இன்று இங்கே வேலை செய்யும் பல்கேரியர்கள். கட்டட வேலைக்காரர் ஏழெட்டுப் பேர் வேலை உடுப்போடு. பல் வைத்தியர் ஒருத்தி. இரண்டு குடும்பம். படம் முடிந்ததும் கைதட்டவில்லை, சண்டை பிடித்தார்கள். ராலிட்சா பிறகு எனக்கு இங்கிலிஷில் சொன்னாள். "எங்களை ஏன் இப்படி ஏழைகளாகக் காட்டுகிறாய், நோர்வேக்காரன் பார்க்கவா" என்று பல் வைத்தியர். ஒரு தடித்த மனுஷன் பாதியில் வெளியே போய்ப் புகைத்துவிட்டுச் சிவந்த கண்ணோடு திரும்பி வந்து, தான் படத்தை வெறுப்பதாகச் சொன்னார். போகும்போது ராலிட்சாவின் தலையைத் தடவினார்.

சீட்டில் ஒருவர்: கத்தியால் சுரண்டுவது பிழை. ஈரத்துணி வைத்துக் கொஞ்சம் பொறுத்தால் தானாக வரும்.
இன்னொருவர் தன் தொலைபேசி எண் மட்டும். ராலிட்சா சிரித்துவிட்டுச் சீட்டைக் கசக்கினாள்.

நாளை மதியக் காட்சிக்கு ஒரு பதிவும் இல்லை. யோர்ன் என்னைப் பார்த்தார், "உன் ஆட்கள் யாரும்?" ராலிட்சாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. எங்கள் செபக்கூட்டத்தை நடத்தும் ரெஜினா அக்காவுக்குப் போன் அடித்தேன்.

"என்ன படம் மேரி? சண்டைப் படமோ?"

"இல்லை அக்கா. சோகம்."

"சோகமெண்டால் சனம் வரும். தேத்தண்ணி குடுப்பினமோ?"

"குடுப்பினம்."

"அப்ப நாளைக்குச் செபத்தை அங்கை வைப்பம்."

இரவல் சனம். ஆனாலும் அறுபத்திரண்டு வெறும் கதிரைக்கு முன்னால் அந்தப் பிள்ளை நிற்பதைவிட மேல்.

நவம்பர் 6, வியாழன்

காலை உறைபனி. தேத்தண்ணிக்கு வீட்டிலிருந்து இஞ்சி கொண்டுபோனேன்.

இரண்டு மணிக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். பதினான்காவது ஆள் மச்சாள். சாம்பல் கம்பளித் தொப்பி. என்னைப் பார்க்காமல் நான் நீட்டிய தட்டிலிருந்து தேத்தண்ணி எடுத்துக்கொண்டார்.

வயதானவர்களுக்குத் திரைக்கு அடியில் வரும் நோர்ஸ்க் எழுத்தை ஓட ஓட வாசிக்க வராது. அதனால் முன்வரிசை ஓரத்தில் நின்று மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். ராலிட்சாவுக்குச் சம்மதம். இதுவரை கேட்டதிலேயே நல்ல ஒலி இதுதான் என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. இருட்டுக்குள் காதில் விழுந்தவை:

"இவளுக்குப் பிள்ளையள் இல்லையோ?"

"பொலிசிலை சொன்னவளோ?"

"சொல்லி என்ன."

"உந்தத் தம்பி வாளியோடை எங்கை போறான்?"

பசை வாளிக் காட்சி வந்தது. எனக்கு வாய் எழவில்லை. எனக்கும் அவன் அண்ணன், எனக்கும் அழ ஒரு இடம் வேண்டும். இந்த இரண்டு வரியையும் நான் சொல்லவேயில்லை. திரையில் எழுத்து வந்து போனது. "என்னவாம் மேரி, என்னவாம்?" என்று ரெஜினா அக்கா. தண்ணீர் குடிப்பதாக நடித்தேன். தாள் அவன் முகத்தில் ஒட்டியபோது, பின்னால் யாரோ "ஐயோ பாவம்" என்றது மட்டும் கேட்டது.

முடிந்ததும் உடனே விளக்குப் போடவேண்டாம் என்று ராலிட்சா கேட்டிருந்தாள். அரையிருட்டு. நான் கோட்டு எடுத்துக்கொடுக்க வெளியே போய்விட்டேன். யோர்ன் பென்சிலும் சீட்டும் கொடுத்து, வெள்ளைப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு வார்த்தை பேசாமல் வரிசை வரிசையாகப் போயிருக்கிறார். இது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

எல்லாரும் போனபின் ராலிட்சாவும் நானும் மேசையில் பெட்டியைக் கவிழ்த்தோம்.

பிரான்சிஸ்கா, அம்மா.
சந்தியாப்பிள்ளை. எமிலியானுஸ். குழந்தை, பெயர் வைக்கவில்லை.
என் கணவர் மரியதாஸ், பெர்கன் ஆஸ்பத்திரியில்.
அந்தோனிப்பிள்ளையும் அவரோடு கடலுக்குப் போனவர்களும்.

இரண்டு மூன்று விரித்தபிறகுதான் விளங்கியது. நவம்பர் மாதம், அரையிருட்டு, வெள்ளைப் பெட்டி, பென்சில். கோவில் வழக்கத்தில் எழுதிப் போட்டுவிட்டார்கள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அடங்கிவிட்டது.

"என்ன எழுதியிருக்கிறார்கள்?" ராலிட்சா கேட்டாள்.

"தங்கள் செத்தவர்களின் பெயர்கள். பிழையாக விளங்கிவிட்டார்கள்."

அவள் சீட்டுகளை ஒவ்வொன்றாக நேராக்கி மேசையில் அடுக்கினாள். "எல்லாவற்றையும் வாசி" என்றாள். வாசித்தேன். அவளுக்கு ஒரு சொல் விளங்காது, ஆனால் எழும்பி நின்றே கேட்டாள்.

படத்தைப் பற்றி எழுதிய சீட்டு ஒன்றே ஒன்று. இங்கே படித்து வளர்ந்த அனிற்றா, தாயோடு வந்தவள், நோர்ஸ்க்கில்: "அந்தத் தம்பிமேலும் எனக்குக் கோபம் வரவில்லை."

பதினான்காவது சீட்டு நாலாக மடித்திருந்தது. யார் எழுத்தென்று உடனே தெரிந்தது. சட்டிப் பையில் மச்சாள் "மேரிக்கு" என்று ஒட்டுகிற அதே சாய்ந்த எழுத்து. சூசைப்பிள்ளை அருள்தாஸ். வேறொன்றும் இல்லை.

அதை மட்டும் நான் வாசிக்கவில்லை. ராலிட்சா எல்லாவற்றையும் படம் எடுக்கவேண்டும் என்றாள். மற்றவற்றை எடு, இதைத் தரமாட்டேன் என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

நல்ல வெயில், சூடு இல்லாத வெயில். விடுமுறை.

காலை ரெஜினா அக்காவின் போன். "பேர்ப் பெட்டியை ஃபாதரிட்டைக் குடுத்திட்டியோ? ஞாயிற்றுக்கிழமை வாசிக்கவேணுமெல்லோ." பிழையென்று சொல்ல மனம் வரவில்லை. "குடுக்கிறன் அக்கா" என்றேன்.

பன்னிரண்டைக் கொடுக்கலாம். மச்சாளின் சீட்டு?

மனதுக்குள் ஓடியது: தானே எழுதிவிட்டார். கோவில் பெட்டி என்று நினைத்துத்தானே போட்டார். ஒரு வருஷம் என்னை ஒதுக்கிவிட்டு இப்போது தானே. கொடுத்துவிட்டால் என்ன? அண்ணாவுக்கு ஒரு பூசை, எனக்கும் ஒரு ஆறுதல். மச்சாளுக்கு முன்னால் நான் அண்ணாவுக்காக அழுததே இல்லை. அழுதால் செத்துவிட்டார் என்று சொன்னமாதிரி. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிற பழக்கம் எனக்கு. இந்த வயதில்.

பிறகு பசை வாளி ஞாபகம் வந்தது. மூன்றாம் மாடிக்குப் படியேறினேன். லிப்டில் போனால் மனம் மாறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

மச்சாள் கதவைத் திறந்தார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, மூடவும் இல்லை. சீட்டை நீட்டினேன்.

"மச்சாள், இது கோவில் பெட்டி இல்லை. எல்லாரும் பிழையாய் நினைச்சிட்டினம். ஃபாதரிட்டைக் குடுக்கிறதோ எண்டு கேக்க வந்தனான்."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"தியேட்டர்ப் பெட்டியெண்டு. பத்து வருசம் வயோதிபர் இல்லத்துக் குசினியிலை சமைச்சனான், எனக்கு நோர்ஸ்க் வாசிக்கத் தெரியாதோ? படத்தைப் பற்றி என்ன நினைக்கிறியள் எண்டு இருந்தது."

நீட்டிய கையில் சீட்டு அப்படியே இருந்தது.

"ஒருக்கா எழுதிப் பாக்கவேணும் போலை இருந்தது" என்றார். "ஒருத்தரும் சத்தமாய் வாசிக்காத இடத்திலை. அதுதான் அதிலை போட்டனான். குப்பையிலை போடுவியள் எண்டு நினைச்சன்."

"நான் வாசிச்சிட்டன்."

"சத்தமாயோ?"

"இல்லை. மனசுக்குள்ளை."

உள்ளே ரேடியோவில் யாரோ வானிலை சொன்னார்கள்.

"அந்தத் தம்பி கதைக்கேக்கை ஏன் நிப்பாட்டினனீ?"

"வாய் வரேல்லை மச்சாள்."

"நீ சொல்லாட்டியும் நான் வாசிச்சனான்."

சீட்டை அவர் வாங்கவில்லை. என் விரல்களை மடித்து அதன்மேல் மூடினார். "நீ வைச்சிரு. ஃபாதருக்கு வேண்டாம்." கதவை மெல்லச் சாத்தினார்.

படியிறங்கும்போது கால் வழுக்கி ஒரு படி விட்டுவிட்டேன். முழங்காலில் நீலமாய்க் கண்டல். பால் வாங்க மறந்தாயிற்று.

நவம்பர் 9, ஞாயிறு

பஞ்சுப் பனி. நேற்று ராலிட்சாவை ரயிலேற்றினேன். பதின்மூன்று சீட்டின் படமும் அவளிடம். எந்த விழாவிலும் இப்படி ஒரு விமர்சனம் தனக்குக் கிடைக்காது என்றாள். பெயர்களைச் சரியாக உச்சரிக்கக் கேட்டு, "சந்தியாப்பிள்ளை, சந்தியாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள்.

பூசைக்கு முன்னமே போய் ஃபாதரிடம் பன்னிரண்டையும் கொடுத்தேன். வாங்கில் வந்து இருந்தேன். முதல் வாசகம் தொடங்கும்போது யாரோ பக்கத்தில் வந்து இருந்தார்கள். கம்பளித் தொப்பி. போன நவம்பருக்குப் பிறகு அவர் என் பக்கத்தில் வந்து இருப்பது இதுதான் முதல்.

ஃபாதர் சீட்டுகளை எடுத்தார். மச்சாள் என் மணிக்கட்டைப் பிடித்தார். முதலில் சாதாரணமாகப் பிடிப்பதாகத்தான் நினைத்தேன். பெயருக்குப் பெயர் பிடி இறுகியது. பெயர் வைக்காத குழந்தையை வாசித்தபோது நகம் பதிந்தது. என்னை நம்பவில்லை. நம்ப என்ன காரணம் கொடுத்தேன் நான்? கையை இழுக்கவில்லை. அந்தோனிப்பிள்ளையும் அவரோடு கடலுக்குப் போனவர்களும் என்று வாசித்துவிட்டு, ஃபாதர் சீட்டுகளை உறைக்குள் வைத்தார். அதன்பிறகும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு விட்டார்.

திரும்பும்போது ஒரே பஸ். இரண்டு பேர் இருக்கை. கண்ணாடியெல்லாம் ஆவி.

"நீ குடுக்கேல்லை" என்றார்.

"இல்லை மச்சாள்."

இரண்டு தரிப்புப் போனது. முன்னால் ஒரு பிள்ளை தொலைபேசியில் ஏதோ பாட்டு வைத்துக்கொண்டிருந்தது.

"என்னாலை அவருக்காக அழ ஏலாது மேரி" என்றார். கண்ணாடியைப் பார்த்தபடி. "அழுதால் முடிஞ்சு போகும். ஆனால் உன்னையும் அழ விடாமல் வைச்சிருந்திட்டன்."

கண்ணாடியின் ஆவியைக் கையுறையால் துடைத்தார்.

"உன்ரை அண்ணன். நீ அழு. நான் பக்கத்திலை இருக்கிறன்."

பியோர்ண்டால் வரும்வரை அழுதேன். மச்சாள் என் கைப்பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.