குறையாத தண்ணீர்

மார்ச் 3
இவர் கப்பலேறி இரண்டு நாள் ஆகிறது. கூடத்தில் என் சக்களத்தி, அதாவது இவருடைய பவளத் தொட்டி, ஜம்மென்று இருக்கிறாள். இனி ஆறு மாதம் என் பொறுப்பு. "அந்தப் பச்சைப் பவளத்த மட்டும் எப்படியாவது பாத்துக்கோ" என்று வாசலில் நின்று கெஞ்சினார். நகத்தளவு துண்டாக வாங்கி உள்ளங்கையளவு வளர்த்தது. என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரிடமும் கெஞ்சவில்லை.

உப்பு 35, இருக்க வேண்டிய அளவு. தண்ணீரின் காரத்தன்மை, கால்சியம் இரண்டும் சரி. தண்ணீர் ஆவியாகி தினமும் ஒரு விரல் இறங்குமாம். தொட்டியில் இவர் போட்ட கோடு வரை உப்பில்லாத நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டுமாம்.

மார்ச் 6
தண்ணீர் இறங்கவே இல்லை. ஒரு வேலை மிச்சம்! இவருடைய அப்பா, என் மாமா, ஜன்னலோர நாற்காலியில் வழக்கம்போல. அத்தை போனதிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது.

மார்ச் 9
உப்பு 37. மற்ற இரண்டும் ஏறியிருக்கின்றன. காலையில் நான் விடும் கால்சியம் மருந்துதான் காரணமோ? நிறுத்திவிட்டேன். பவளம் தன் குட்டிக் குட்டி விரல் போன்ற இழைகளை உள்ளே இழுத்துக்கொண்டது.

மார்ச் 11
38. மருந்தே ஊத்தலையே, அப்புறம் எங்கிருந்துடி சக்களத்தி உப்பு ஏறுது? இவரிடம் சொல்லலாமா — வேண்டாம். நடுக்கடலில் இருப்பவரைப் பதறவைத்து என்ன ஆகப்போகிறது?

மார்ச் 12
வேலையிலிருந்து மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமா ஸ்டூலில் நிற்கிறார், கையில் ஜக். தொட்டித் தண்ணீரை மாற்றுவதற்கென்று இவர் உப்பு கரைத்துவைத்த டிரம் திறந்து கிடக்கிறது. தினமும் நான் வருவதற்குள் நிரப்பிவிடுகிறாராம்.

"கடல் பவளத்துக்குக் கடல் தண்ணிதானேம்மா ஊத்தணும்? நீயும் அலுத்துப்போய் வர்ற..."

"ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா மாமா!"

கத்திவிட்டேன். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதன் மேல் தினமும் உப்புத் தண்ணீர் என்றால்? ஆனால் அறைக்குள் போனவர் சாப்பிடக்கூட வரவில்லை. மனசே சரியில்லை.

மார்ச் 13
உப்பை ஒரேயடியாக இறக்கினால் பவளம் தாங்காது. கொஞ்சம் எடுத்துவிட்டு, அதே அளவு நல்ல தண்ணீர். ஒரு நாளைக்கு அரைப் புள்ளிதான் குறைக்கலாம்.

ஜக்கோடு மாமா அறை வாசலில் நின்றேன். "ஸ்டூல்ல ஏறினா எனக்குத் தலை சுத்துது மாமா."

பச்சைப் பொய். என்னையே பார்த்தார். பிறகு எழுந்து வந்தார்.

மார்ச் 16
36. பவளம் இன்னும் சுருங்கியே இருக்கிறது. பிழைச்சுக்கோயேன், ப்ளீஸ்.

மாமா நாற்காலியைத் தொட்டிப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டார்.

மார்ச் 19
35! மருந்தையும் மறுபடி தொடங்கியாயிற்று.

மார்ச் 23
"ஏம்மா, சீக்கிரம் ஓடி வா!"

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். பவளம் எல்லா விரல்களையும் விரித்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது. மாமா ஜக்கை நிரப்பி, ஊற்றுவதற்கு முன் அதிலிருந்து ஒரு வாய் குடித்தார்.

"நல்ல தண்ணிதாம்மா. தினமும் குடிச்சுப் பாத்துட்டுத்தான் ஊத்துறேன்."